அக்காவுக்கு எம்.எஸ்.; எச்சில் பரிசோதனையில் எனக்கும் ‘அதிக ஆபத்து’. எவ்வளவு நம்புவது?

பதிவு 1 – கூடல்நகரான்

வணக்கம். இங்கே நெடுநாள் வாசகன். இழை தொடங்குவது இதுவே முதல் முறை.

என் அக்கா திருமணமாகி மான்செஸ்டர் போய்ப் பதினோரு ஆண்டுகள் ஆகின்றன. மூன்று ஆண்டுகளுக்கு முன் ஒரு நாள் தக்காளி நறுக்கிக்கொண்டிருந்தபோது வலக்கண்ணுக்கு மட்டும் அதன் சிவப்பு பழைய செங்கல்போல வெளுத்துத் தெரிந்திருக்கிறது. இடக்கண்ணை மூடினால் செங்கல், வலக்கண்ணை மூடினால் தக்காளி. கண்ணை உருட்டினால் வலி. எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள், முதுகுத்தண்டு நீர் எடுத்தார்கள், கடைசியில் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் (எம்.எஸ்.) என்ற நரம்பு நோய் என்றார்கள். இப்போது மருந்து எடுத்துக்கொண்டு நன்றாக இருக்கிறாள், வேலைக்கும் போகிறாள்.

சிக்கல் எனக்கு வந்திருக்கிறது. எனக்குப் பெண் பார்த்து எல்லாம் ஏறக்குறைய முடிந்த நேரத்தில் பெண்ணின் சித்தப்பா, “அக்காவுக்கு இருப்பது பரம்பரை வியாதியா?” என்று கேட்டுவிட்டார். எங்கள் பக்கத்து மாமா ஒருவர், “எச்சிலைக் குழாயில் துப்பி அனுப்பினால் ஜாதகம் மாதிரி எல்லாம் எழுதிக் கொடுத்துவிடுவார்கள், அதைக் காட்டிவிடலாம்” என்றார். துப்பினேன், அனுப்பினேன். இருபத்தெட்டுப் பக்க அறிக்கை வந்தது. வழுக்கை விழுமா என்று ஒரு பக்கம், பால் செரிக்குமா என்று ஒரு பக்கம். பத்தொன்பதாம் பக்கத்தில் மேல்நோக்கிய சிவப்பு அம்புக்குறி. “மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ்: சராசரியைவிட அதிக ஆபத்து. எச்.எல்.ஏ-டி.ஆர்.பி.1*15:01, ஒரு பிரதி.”

அம்மா தன் சொந்தத் தாய்மாமனைக் கட்டிக்கொண்டவர். “நான் சொந்தத்தில் கட்டியதுதான் என் பிள்ளைகள் தலையில் விடிகிறது” என்று மூன்று நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. ஞாயிற்றுக்கிழமை பெண் வீட்டார் வருகிறார்கள். எனக்கு வருமா, என் பிள்ளைகளுக்கு வருமா, அம்மா சொல்வது உண்மையா? விஷயம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பதிவு 2 – மோகன கல்யாணி

எம்.எஸ். என்று பார்த்ததும் சுப்புலட்சுமி அம்மையாரைப் பற்றிய இழை என்று நினைத்து உள்ளே வந்துவிட்டேன். மன்னிக்கவும் தம்பி. அக்கா நலமாக இருக்கட்டும்.

பதிவு 3 – வைகைக் கயல்

நான் மரபணுத் தரவுகளோடு மல்லுக்கட்டும் ஆய்வு மாணவி, மருத்துவர் இல்லை. எனக்குத் தெரிந்தவரை சொல்கிறேன், கொஞ்சம் நீளும்.

முதலில், உங்களிடம் இருப்பது பழுதான மரபணு இல்லை. அது ஒரு வகை. இரத்தப் பிரிவு ஓ, பி என்று இருப்பது போல எச்.எல்.ஏ. மரபணுக்களுக்கும் ஆயிரக்கணக்கான வகைகள் உண்டு. இவை ஆறாவது குரோமோசோமில் கூட்டமாக உட்கார்ந்திருக்கின்றன. நம் உயிரணு எதையாவது விழுங்கினால் அதைத் துண்டு துண்டாக்கி, ஒரு துண்டை வெளிப்பக்கம் நீட்டி, “இது நம் ஆளா, வெளியாளா?” என்று நோய் எதிர்ப்பு வேலை பார்க்கும் டி-அணுக்களிடம் காட்டும். நீட்டும் கைதான் எச்.எல்.ஏ. ஒவ்வொருவர் கையின் வடிவமும் வேறு என்பதால் எந்தத் துண்டு அதில் பொருந்தி நிற்கும் என்பதும் வேறு. 15:01 வடிவக் கையில் ஏதோ ஒரு துண்டு தவறாக அடையாளம் காணப்பட்டு, டி-அணுக்கள் நரம்பின் மேலுறையான மயலினைத் தாக்கக் கிளம்புகின்றன என்பதே பொதுவான கருத்து.

இந்தத் தொடர்பு புதிதல்ல. 1972-இல் கோபன்ஹேகன் ஆய்வாளர்கள் எச்.எல்.ஏ-வுக்கும் எம்.எஸ்.ஸுக்கும் உறவு இருப்பதைக் கவனித்துவிட்டார்கள். அதன்பின் முப்பத்தைந்து ஆண்டுகள் வேறு எதுவும் உறுதியாகக் கையில் சிக்கவில்லை. 2007-இல்தான் ஐ.எல்.7.ஆர்., ஐ.எல்.2.ஆர்.ஏ. என்று இரண்டு மரபணு இடங்கள் தெளிந்தன. பிறகு வெள்ளம்தான். 2013-இல் பட்டியல் 110 ஆனது. 2019-இல் 47,429 நோயாளிகளையும் 68,374 நோயற்றவர்களையும் ஒப்பிட்டு, மரபணுத் தொகுதியில் 233 தனித்தனி அடையாளங்களைக் குறித்தார்கள். அவற்றில் 32 அந்த எச்.எல்.ஏ. வட்டாரத்திலேயே இருக்கின்றன. ஒன்று எக்ஸ் குரோமோசோமில்.

இந்த 233-இல் தனியாக நின்று சத்தம் போடுவது உங்கள் 15:01 ஒன்றுதான். அது ஆபத்தைச் சுமார் மூன்று மடங்காக்குகிறது. மற்றவை ஒவ்வொன்றும் பெரும்பாலும் பத்து, இருபது சதவீதம் தள்ளிவிடும் கூட்டம். அவற்றில் பெரும்பாலானவை யார் உடம்பிலும் சர்வசாதாரணமாக இருப்பவை. உங்களிடம் பாதி, என்னிடம் பாதி இருக்கலாம். நரம்பு நோய் என்கிறோம். பட்டியலைப் பார்த்தால் நோய் எதிர்ப்பு அணுக்களின் வருகைப் பதிவேடு மாதிரி இருக்கிறது. நரம்பணுவின் பெயர் அதில் அபூர்வம்.

ஒரு கேள்வி: உங்கள் அறிக்கையில் எச்.எல்.ஏ-ஏ*02 பற்றி ஒரு வரியாவது இருக்கிறதா? அது ஆபத்தைக் குறைக்கும் வகை. அதைச் சொல்லாமல் 15:01-ஐ மட்டும் சொல்வது, கடன் பக்கத்தைக் காட்டி வரவுப் பக்கத்தை மறைத்த கணக்கு.

பதிவு 4 – கூடல்நகரான்

தேடிப் பார்த்தேன். ஏ*02 என்ற சொல்லே அறிக்கையில் இல்லை. “மூன்று மடங்கு” என்று நீங்களே சொன்னது இன்னும் பயமாக இருக்கிறது.

பதிவு 5 – கணக்கு வாத்தியார் (ஓய்வு)

தம்பி, “மூன்று மடங்கு” என்று யார் சொன்னாலும், “எதைப்போல மூன்று மடங்கு?” என்று கேட்க வேண்டும். முப்பத்தோர் ஆண்டுகள் ஒன்பதாம் வகுப்புக்கு இதைத்தான் கத்திக்கொண்டிருந்தேன்.

வீட்டில் முறம் இருந்தால் எடுங்கள். அதில் ஆயிரம் உளுந்து. எண்ண வேண்டாம், இரண்டு கைப்பிடி போதும். இங்கிலாந்தில் ஒருவர் வாழ்நாளில் எம்.எஸ். வரும் வாய்ப்பு ஏறக்குறைய 330-க்கு ஒன்று என்கிறார்கள். அப்படியானால் ஆயிரத்துக்கு மூன்று. வட ஐரோப்பியரில் நாலில் ஒருவருக்கு இந்த 15:01 இருக்கிறது என்று கயல் தனிமடலில் சொன்னார். ஆக ஆயிரத்தில் 250 பேரிடம் அது உண்டு, 750 பேரிடம் இல்லை. இல்லாதவர்களுக்கு ஆயிரத்துக்கு இரண்டு, உள்ளவர்களுக்கு அதன் மூன்று மடங்காக ஆயிரத்துக்கு ஆறு என்று வையுங்கள். 750-இல் ஒன்றரைப் பேர், 250-இல் ஒன்றரைப் பேர், மொத்தம் மூன்று. கணக்கு நேராகிவிட்டது.

இப்போது 15:01 உள்ளவர்கள் மட்டும் ஆயிரம் பேரை முறத்தில் பரப்புங்கள். ஆறு பேருக்கு நோய் வரும், 994 பேருக்கு வராது. உங்கள் சிவப்பு அம்புக்குறி காட்டுவது அந்த ஆறை.

பதிவு 6 – வைகைக் கயல்

வாத்தியார் ஐயா கணக்கோடு இரண்டு சேர்க்கிறேன். இவருக்கு அக்கா இருக்கிறார், எனவே ஆயிரத்துக்கு மூன்று என்ற தொடக்கமே பொருந்தாது. உடன்பிறந்தவருக்கு எம்.எஸ். இருந்தால் ஐரோப்பிய ஆய்வுகளில் நூற்றுக்கு இரண்டு, மூன்று. அதைக் கொண்டுபோய் மீண்டும் 15:01-க்காக மூன்றால் பெருக்கக் கூடாது. குடும்பக் கணக்கில் மரபணு ஏற்கெனவே உள்ளே இருக்கிறது. இரண்டாவது, இது ஐரோப்பியர் கணக்கு. மங்களூரில் எண்ணிப் பார்த்தபோது ஒரு லட்சம் பேருக்கு எட்டுப் பேரை ஒட்டித்தான் இருந்தது. பிரிட்டனில் அதே லட்சத்துக்கு இருநூறுக்கும் மேல். ஸ்காட்லாந்துக்கு வடக்கே ஆர்க்னி தீவுகளில் 402. மேலும் எம்.எஸ். பெண்களுக்கு ஆண்களைவிட இரண்டு, மூன்று மடங்கு அதிகம். நீங்கள் ஆண், மதுரைக்காரர்.

இன்னொரு உறுத்தல்: இப்படிப்பட்ட நிறுவனங்கள் பெரும்பாலும் எச்.எல்.ஏ-வை நேராகப் படிப்பதில்லை. பக்கத்தில் இருக்கும் ஒரு மரபணு எழுத்தைப் பார்த்து, “இது இருந்தால் 15:01 இருக்கும்” என்று ஊகிக்கிறார்கள். ஐரோப்பியரிடம் அந்த ஊகம் நன்றாகப் பலிக்கும். நம்மிடம் 15:01-இன் பங்காளிகளான, 15 என்று தொடங்கும் வேறு வகைகளும் நிறைய உலவுவதால் ஊகம் வழுக்கலாம்.

பதிவு 7 – உண்மை விளம்பி

எல்லாரும் சேர்ந்து ஆறுதல் சொல்கிறீர்கள். 2016-இல் நாளிதழிலேயே வந்ததே, கனடாவில் எம்.எஸ்.ஸுக்கு ஒற்றை மரபணுவைக் கண்டுபிடித்துவிட்டார்கள், அது இருந்தால் எழுபது சதவீதம் வரும் என்று? செய்தித் துண்டு இன்னும் என்னிடம் இருக்கிறது.

பதிவு 8 – வைகைக் கயல்

துண்டு இருக்கிறது, அதற்கு வந்த மறுப்பு நாளிதழில் வரவில்லை, அதுதான் சங்கடம். என்.ஆர்.1.எச்.3 என்ற மரபணுவில் ஓர் எழுத்து மாற்றம், இரண்டு குடும்பங்களில் பார்த்தார்கள். அதே ஆண்டில், பல நாட்டு ஆய்வாளர்கள் கூடிய கூட்டமைப்பு, தன்னிடம் இருந்த பல்லாயிரம் பேரின் தரவில் அதே எழுத்தைத் தேடிப் பார்த்தது. நோயாளிகளிடம் அது கூடுதலாக இல்லை. வெளிவந்த அதே ஆய்விதழில் மறுப்பும் வந்தது. ஒரு குடும்பத்தில் நான்கைந்து பேருக்கு நோய் இருந்தால் அவர்களுக்குப் பொதுவான மாற்றங்கள் ஆயிரக்கணக்கில் இருக்கும். அதில் ஒன்றைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது எளிது.

பதிவு 9

மட்டுறுத்துநர்: “நாற்பத்தெட்டு நாளில் எம்.எஸ். குணம்” என்று கைப்பேசி எண்ணுடன் வந்த விளம்பரம் நீக்கப்பட்டது. அந்த உறுப்பினருக்கு இது இரண்டாவது எச்சரிக்கை.

பதிவு 10 – ஸ்கார்பரோ சிவகாமி

தம்பி, நான் யாழ்ப்பாணத்தில் பிறந்து ஒன்பது வயதில் கனடா வந்தவள். எனக்கு எம்.எஸ். வந்து பதினாறு ஆண்டுகள். எனக்கு ஓர் இரட்டைச் சகோதரி உண்டு. ஒரே கருவில் பிரிந்தவர்கள். எங்கள் பள்ளிப் படத்தில் யார் நான் என்று எனக்கே தெரியாது. மரபணு எழுத்துக்கு எழுத்து ஒன்று. அவளுக்கு இன்றுவரை ஒன்றுமில்லை. நான் கைத்தடி ஊன்றி நடக்கும் நாள்களில் அவள் என் பக்கத்தில் பத்துக் கிலோமீட்டர் ஓடிவிட்டு வந்து நிற்பாள். கோபம் வரும், பிறகு சிரிப்பு வரும்.

என்னைப் பார்க்கும் மருத்துவர்தான் சொன்னார், கனடாவிலேயே இரட்டையர்களை வைத்துப் பெரிய ஆய்வு செய்திருக்கிறார்கள் என்று. ஒரே கரு இரட்டையரில் ஒருவருக்கு எம்.எஸ். இருந்தால் மற்றவருக்கு வந்தது நாலில் ஒரு பங்குதான். இரு கரு இரட்டையரில் நூற்றுக்கு ஐந்து. இன்னொன்றும் சொன்னார்: எம்.எஸ். நோயாளி இருக்கும் வீட்டில் தத்துப் பிள்ளையாக வளர்ந்தவர்களுக்கு ஊரில் மற்றவர்களுக்கு உள்ள ஆபத்துதான். அதாவது ஒரே வீட்டுச் சோறு நோயைக் கொடுக்கவில்லை, இரத்த உறவு கொஞ்சம் கொடுக்கிறது. ஆனால் இரத்தம் அப்படியே ஒன்றாக இருந்தும் நாலில் மூவர் தப்பிக்கிறார்கள். மிச்சம் என்ன என்பதை நானும் என் சகோதரியும் பல இரவுகள் உட்கார்ந்து தேடியிருக்கிறோம். பதினேழு வயதில் எனக்குத் தொண்டை வீங்கிக் காய்ச்சலோடு ஒரு மாதம் படுக்கை. அவளுக்கு அது வரவில்லை. இது ஒன்றுதான் எங்களுக்குக் கிடைத்தது.

பதிவு 11 – கூடல்நகரான்

அக்கா, அந்தக் காய்ச்சலுக்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

பதிவு 12 – வைகைக் கயல்

சிவகாமி அக்காவுக்கு வந்தது எப்ஸ்டீன்-பார் வைரஸ் காய்ச்சலாக இருந்திருக்கலாம். பார்க்காமல் உறுதி சொல்ல முடியாது. ஆனால் அந்த வைரஸ்தான் இப்போது இந்த வழக்கின் முதல் எதிரி. 2022 ஜனவரியில் வந்த ஆய்வு ஒன்றில் அமெரிக்க இராணுவத்தில் பணியாற்றிய ஒரு கோடிப் பேரைப் பின்தொடர்ந்து, எம்.எஸ். வந்தவர்களின் சேமித்த இரத்த மாதிரிகளை அலசினார்கள். எம்.எஸ். வந்தவர்களில் 801 பேரின் மாதிரிகள் கிடைத்தன. அவர்களில் 800 பேருக்கு அந்த வைரஸ் முன்பே தொற்றியிருந்தது. தொற்றியபின் ஆபத்து 32 மடங்கு. மரபணுப் பட்டியலில் இந்த எண்ணை எட்டிப் பார்க்கும் ஆள் கிடையாது.

“அப்படியானால் மரபணு எதற்கு, வைரஸே போதுமே” என்று தோன்றும். ஆனால் வளர்ந்தவர்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேர் உடம்பில் இந்த வைரஸ் குடியிருக்கிறது. என்னிடம் இருக்கும், உங்களிடம் இருக்கும். நம் ஊரில் குழந்தையாக இருக்கும்போதே, ஒரே டம்ளரில் வாய் வைத்துக் குடிக்கும் வயதில், சளிக்காய்ச்சலாக வந்து போய்விடும். மேலை நாடுகளில் பலருக்குப் பதின்ம வயதில் தொற்றிப் படுக்க வைக்கிறது. வைரஸ் எல்லார் வாசலிலும் தட்டுகிறது. யார் வீட்டில் அது குழப்பம் செய்கிறது என்பதில் எச்.எல்.ஏ. கையின் வடிவத்துக்குப் பங்கு இருக்கிறது. அதே ஆண்டு இன்னொரு குழு, வைரஸின் ஒரு புரதத் துண்டும் நம் மூளையில் உள்ள கிளியல்கேம் என்ற புரதமும் ஒன்றுபோல் இருப்பதால் எதிர்ப்புப் பொருள் ஆள் மாறித் தாக்குகிறது என்று காட்டியது.

புகையும் இதில் கூட்டாளி. 2011-இல் சுவீடனில் கணக்கெடுத்தார்கள். 15 என்று தொடங்கும் எச்.எல்.ஏ. வகை உண்டு, ஏ*02 இல்லை என்ற இரண்டும் சேர்ந்தவர் புகைக்காதவராக இருந்தால், அந்த மரபணு ஆபத்து எதுவும் இல்லாத, புகைக்காத ஆளைவிட 4.9 மடங்கு ஆபத்து. அதே மரபணுவோடு புகைத்தால் 13.5 மடங்கு. கூடல்நகரான், உங்கள் அறிக்கையில் சிகரெட் பற்றி ஏதாவது கேட்டார்களா?

பதிவு 13 – கூடல்நகரான்

கேட்கவில்லை. ஒரு நாளைக்கு நாலு. அம்மாவுக்குத் தெரியாது. இந்த இழையை அவருக்கு வாசித்துக் காட்டும்போது இந்த இடத்தைத் தாண்டிவிடுவேன்.

பதிவு 14 – ஆதிச்சநல்லூரான்

ஐரோப்பாவுக்கு மட்டும் ஏன் இவ்வளவு எம்.எஸ்.? ஸ்டெப்பி புல்வெளியிலிருந்து வந்த கால்நடை மேய்ப்பர்கள் கொண்டுவந்தது என்று 2024-இல் படித்தேன். அப்படியானால் அதே ஆட்கள்தானே வடமேற்கு வழியாக இங்கேயும் வந்தார்கள்? வந்தேறிகள் யார் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

பதிவு 15 – உண்மை விளம்பி

ஆரம்பித்துவிட்டார்.

பதிவு 16 – வைகைக் கயல்

முதல் பாதி சரி. பழங்கால எலும்புகளின் மரபணுவை இன்றையவர்களோடு ஒப்பிட்டு, எம்.எஸ். ஆபத்து வகைகள் சுமார் ஐயாயிரம் ஆண்டுகளுக்கு முன் யம்னயா என்ற அந்த ஸ்டெப்பி மேய்ப்பர்களோடு வடமேற்கு ஐரோப்பாவுக்குப் போனதைக் காட்டினார்கள். மந்தையோடு நெருங்கி வாழ்ந்தவர்களுக்கு விலங்குகளிலிருந்து தொற்றும் கிருமிகளை எதிர்க்க அந்த வகைகள் உதவியிருக்கலாம் என்பது அவர்கள் கருத்து. இரண்டாம் பாதிக்கு அந்த ஆய்வில் இடமில்லை. இந்தியா முழுவதுமே எம்.எஸ். குறைந்த நாடு, வடக்கு, தெற்கு என்று கோடு கிழிக்க அது உதவாது.

பதிவு 17

மட்டுறுத்துநர்: ஆரியர், திராவிடர் பேச்சுக்கு ஏற்கெனவே 214 பக்க இழை ஒன்று இருக்கிறது. அங்கே போகவும். இங்கே ஒருவருக்கு ஞாயிற்றுக்கிழமைக்குள் பதில் வேண்டும்.

பதிவு 18 – வைகைக் கயல்

மட்டுறுத்துநர் மன்னிக்க, இரண்டு கதைகள் மட்டும் சொல்லிவிடுகிறேன். “கெட்ட மரபணு” என்ற பேச்சு ஏன் என் காதில் நாராசமாக விழுகிறது என்பது புரியும்.

டைக்2 என்று ஒரு மரபணு. அதில் ஓர் எழுத்து மாறிய அபூர்வ வகை உண்டு. அது இருந்தால் எம்.எஸ். வருவது குறைகிறது, உடம்பு தன்னையே தாக்கும் வேறு சில தன்னெதிர்ப்பு நோய்களும் குறைகின்றன. கேட்டால் வரம் போல இருக்கிறது. ஆனால் அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று என்று இரண்டு பிரதியும் அதே வகையாக அமைந்தவருக்குக் காசநோய் எளிதாகப் பிடிக்கிறது என்று 2018-இல் கண்டார்கள். காசநோய் ஊரையே வாரிக்கொண்டுபோன நூற்றாண்டுகளில் இந்த வரத்தை யார் கேட்டிருப்பார்கள்?

மற்றது, எனக்கு மிகவும் பிடித்தது. மூட்டுவாதத்துக்கு டி.என்.எஃப். என்ற வேதித்தூதனை அடக்கும் மருந்துகள் நன்றாக வேலை செய்கின்றன. அதே வழியில் எம்.எஸ்.ஸையும் அடக்கலாம் என்று லெனர்செப்ட் என்ற மருந்தைக் கொடுத்துப் பார்த்தார்கள். 1999-இல் முடிவு வந்தபோது எல்லாருக்கும் அதிர்ச்சி, நோயாளிகளுக்கு அடிக்கடி நோய் கிளம்பியது. ஏன் என்று பல ஆண்டுகள் தெரியவில்லை. 2012-இல் ஆக்ஸ்ஃபோர்டு குழு டி.என்.எஃப்.-ஐ அணுவின் மேல் பிடித்துக்கொள்ளும் ஏற்பியின் மரபணுவில் உள்ள எம்.எஸ். ஆபத்து வகையைப் பிரித்துப் பார்த்தது. அந்த வகை உள்ளவர்கள் உடம்பில் ஏற்பியின் ஒரு பங்கு குறைவடிவமாக உருவாகி, அணுவின் மேல் ஒட்டி நிற்காமல் வெளியே மிதந்து, டி.என்.எஃப்.-ஐப் பிடித்து முடக்கியது. அந்த மருந்து என்ன செய்ததோ அதையேதான்! ஓர் எழுத்து மாற்றம், பிறவியிலேயே சிறு அளவில் அந்த மருந்தைச் சுரக்க வைத்திருக்கிறது. ஆபத்தை அது கூட்டுவது கொஞ்சம்தான். ஆனால் எந்த மருந்தைக் கொடுக்கக் கூடாது என்று அது சொன்னது பெரிது. இந்தப் பட்டியல்களால் பயன் இப்படித்தான் வருகிறது. கல்யாணத்துக்குப் பொருத்தம் பார்க்க இவற்றை யாரும் தயாரிக்கவில்லை.

பதிவு 19 – கூடல்நகரான்

அம்மாவின் கேள்விக்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை.

பதிவு 20 – வைகைக் கயல்

தள்ளிப்போட்டேன், உண்மைதான். நேராகச் சொல்கிறேன். சொந்தத்தில் கட்டுவதால் தலைதூக்குபவை முக்கியமாக ஒற்றை மரபணு நோய்கள்; இரு பக்கமும் ஒரே பழுதான பிரதி வந்து சேர்ந்தால் வருபவை. எம்.எஸ். அந்த வகை இல்லை. ஆனால் சுழியம் என்றும் சொல்ல மாட்டேன். கனடாவில் ஓர் ஆய்வில் சொந்தத்தில் கட்டிய தம்பதியரின் பிள்ளைகளில் ஒருவருக்கு எம்.எஸ். இருந்தால் உடன்பிறந்தவருக்கு ஆபத்து வழக்கத்தைவிட உயர்ந்தே தெரிந்தது. அந்நாட்டில் அப்படிப்பட்ட குடும்பங்கள் சிலவே.

அம்மாவிடம் இப்படிக் கேளுங்கள்: தாய்மாமனையும் அத்தை மகனையும் தலைமுறை தலைமுறையாகக் கட்டிய ஊர் நம்முடையது. அதுதான் காரணம் என்றால் எம்.எஸ்.ஸில் மதுரை முந்தியிருக்க வேண்டும், ஆர்க்னி பின்தங்கியிருக்க வேண்டும். நிலைமை தலைகீழாக இருக்கிறதே?

பதிவு 21 – கணக்கு வாத்தியார் (ஓய்வு)

என் மனைவி என் அத்தை மகள். இந்தப் பதிவை அவளுக்கு இருமுறை வாசித்துக் காட்டினேன்.

பதிவு 22 – நரம்பியல் பயிற்சி மருத்துவர்

ஒரு சிறு குறுக்கீடு. நம் நாட்டில் எம்.எஸ். என்று எழுதப்பட்ட சிலருக்கு உண்மையில் இருப்பது என்.எம்.ஓ. என்ற வேறு நோய். கண்ணையும் தண்டுவடத்தையும் தாக்கும், பார்க்க ஒன்றுபோல் இருக்கும், மருந்து வேறு, எம்.எஸ். மருந்து சில அதைக் கெடுக்கவும் செய்யும். 2004-இல் அதற்கான எதிர்ப்புப் பொருள் கண்டுபிடிக்கப்பட்டபின் பெரும்பாலும் இரத்தத்திலேயே பிரித்துவிடலாம், அக்வாபோரின்-4 என்று கேட்க வேண்டும். கூடல்நகரானின் அக்காவுக்கு அங்கே பார்த்திருப்பார்கள். மற்ற வாசகர்களுக்காகச் சொல்கிறேன்: மரபணு அறிக்கைக்குச் செலவழிக்கும் முன் இந்தப் பரிசோதனை ஆகிவிட்டதா என்று பாருங்கள்.

பதிவு 23 – மான்செஸ்டர் மல்லி

நான்தான் அந்த அக்கா. தம்பி இணைப்பை அனுப்பினான். இரண்டு நாளாக வாசித்துக்கொண்டிருந்தேன். என்னை வைத்து இருபத்திரண்டு பதிவுகள் ஓடியிருக்கின்றன.

டாக்டர், அக்வாபோரின் பார்த்தார்கள், இல்லை என்று வந்தது. நன்றி.

தம்பி, எச்சிலைத் துப்பி அனுப்புவதற்கு முன் என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். அந்த அறிக்கையில் பாதி நானும்தான். மாமா ஜாதகம் என்று சொன்னது ஒரு விதத்தில் சரி. ஒருவர் கட்டத்தை விரித்தால் வீட்டில் உள்ள எல்லார் கட்டமும் தெரிந்துவிடுகிறது.

நானும் எச்சில் கொடுத்திருக்கிறேன். லண்டன் குயின் மேரி பல்கலைக்கழகத்தினர் ஆடம்ஸ் என்ற பெயரில், ஐரோப்பியர் அல்லாத எம்.எஸ். நோயாளிகளின் மரபணுவைச் சேர்க்கிறார்கள். கயல் சொன்ன பெரிய எண்கள் எல்லாம் பெரும்பாலும் வெள்ளையர்களிடம் எடுத்தவை என்பதால்தான் நம்மைப் பற்றிக் கேட்கும்போதெல்லாம் பதில் வழுக்குகிறது. என் குழாய் அந்தக் குறையை ஓர் உளுந்து அளவு நிரப்பட்டும்.

நீங்கள் எல்லாரும் தம்பிக்கு வருமா, தம்பியின் பிள்ளைக்கு வருமா என்று கணக்குப் போட்டீர்கள். அவன் பிள்ளைகளுக்கு நான் அத்தை. அங்கே கணக்கு ஒரு சதவீதத்தை ஒட்டியோ அதற்குக் கீழோதான் நிற்கிறது. எனக்கு ஏழு வயதில் ஒரு மகள் இருக்கிறாள். பிறந்தது மான்செஸ்டரில். இந்தியாவிலிருந்தும் மேற்கிந்தியத் தீவுகளிலிருந்தும் வந்தவர்களின் பிள்ளைகள் இங்கே பிறந்தால் அவர்கள் ஆபத்து இங்குள்ளவர்களின் ஆபத்தை நோக்கி ஏறிவிடுகிறது என்று 1990-லேயே எழுதியிருக்கிறார்கள். தாய்க்கு எம்.எஸ். இருந்தால் பிள்ளைக்கு நூற்றுக்கு இரண்டு. வாத்தியார் ஐயா, உங்கள் முறத்தில் அது எத்தனை?

பதிவு 24 – கணக்கு வாத்தியார் (ஓய்வு)

ஆயிரத்துக்கு இருபது, அம்மா.

பதிவு 25 – மான்செஸ்டர் மல்லி

தெரியும் ஐயா. இரவில் நானே எண்ணியிருக்கிறேன். வேறொருவர் சொல்லிக் கேட்க வேண்டும் என்று தோன்றியது.

அவளுக்குப் பரிசோதனை செய்யப் போவதில்லை. என் நரம்பியல் மருத்துவரிடம் கேட்டேன், தெரிந்துகொண்டு செய்வதற்கு எதுவும் இல்லை என்றார். வீட்டில் யாரும் புகைப்பதில்லை; தம்பி, பதிவு 13-ஐ நான் வாசித்துவிட்டேன், அம்மாவிடம் நீயே சொல்கிறாயா, நான் சொல்லட்டுமா? குளிர்காலத்தில் வைட்டமின் டி கொடுக்கிறேன். இரத்தத்தில் வைட்டமின் டி குறைவதற்கான மரபணு வகை உள்ளவர்களுக்கு எம்.எஸ். சற்று அதிகம் என்று காட்டியிருக்கிறார்கள். இங்கே டிசம்பரில் மாலை நாலு மணிக்கு இருட்டிவிடும். மற்றபடி அவள் பள்ளிக்குப் போகிறாள், பரதம் கற்கிறாள், சாம்பாரில் முருங்கைக்காயை ஒதுக்குகிறாள்.

ஞாயிற்றுக்கிழமை என்னையும் வீடியோவில் கூப்பிடு. சித்தப்பாவின் கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன். அறிக்கையை மேசையில் வைக்காதே.

பதிவு 26 – கூடல்நகரான்

ஞாயிறு முடிந்தது. அக்கா அரைமணி நேரம் பேசினாள். சித்தப்பா கடைசியில், “என் மருமகளுக்கே சர்க்கரை இருக்கிறது, நாம் எந்த வீட்டில் என்ன பார்ப்பது” என்றார். யோசித்துச் சொல்கிறோம் என்று போயிருக்கிறார்கள். பெண் மட்டும் போகும்போது என் எண்ணைக் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

அவர்கள் கிளம்பிய பிறகு அம்மா கைப்பேசியை வாங்கி அக்காவிடம் பேசினார். மூன்று ஆண்டுகளில் இந்த நோயைப் பற்றி அம்மா அவளிடம் நேராகக் கேட்டது இதுவே முதல் தடவை.

“தக்காளி இப்போது என்ன நிறத்தில் தெரிகிறது?”

“கொஞ்சம் வெளுப்புதான் அம்மா. ஆனால் தக்காளி என்று தெரிகிறது.”